மாண்டலின் வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

பன்னெண்டு வருஷமா மாண்டலின் வாசிக்கறேன், சனி ஞாயிறுல நாலஞ்சு பிள்ளைங்களுக்குச் சொல்லியும் தர்றேன். புதுசா கத்துக்க வர்றவங்க கேட்கிற கேள்விங்க பெரும்பாலும் ஒண்ணுதான், ஆனா அவங்க கேட்கும்போது பாதிப் பேர் ஏற்கனவே வாங்கிட்டு வந்துடறாங்க, அதுதான் வருத்தம். அதனால வாங்கறதுக்கு முன்னாடியே படிக்கிற மாதிரி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

முதல்ல எதைப் பார்க்கணும், பட்ஜெட்டா பிராண்டா?

ரெண்டும் இல்லை. என்ன வாசிக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. கர்நாடக சங்கீதம்னா ஒரு வகை மாண்டலின், சினிமாப் பாட்டு, சர்ச் கொயர், வெஸ்டர்ன்னா வேற வகை. பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருந்தாலும் கையில எடுத்து வாசிக்கும்போது ரெண்டும் கிட்டத்தட்ட வேற வேற வாத்தியம். இதைத் தெரிஞ்சுக்காம ஷோகேஸ்ல அழகா இருந்ததை வாங்கிட்டு வந்து, ஆறு மாசம் கழிச்சு கமகம் (ஸ்வரத்தை இழுத்து, அசைச்சு வாசிக்கறது) வரலையேன்னு தன்மேலேயே குத்தம் சொல்லிக்கிற பசங்களை நிறையப் பார்த்துட்டேன். தப்பு அவங்க மேல இல்லை, வாத்தியம் வேற.

கடையில இருக்கறது எல்லாம் எட்டு தந்தி. அதுல கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியாதா?

முடியாதுன்னு சொல்ல மாட்டேன், ஸ்வரம் வரும், கீர்த்தனையோட உருவம் வரும். ஆனா பாட்டோட உயிர் கமகத்துல இருக்கு, அங்கதான் சிக்கல். எட்டு தந்தி மாண்டலின்ல தந்திங்க ஜோடி ஜோடியா நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதி. ஒரு ஜோடியை விரலால இழுத்தா ரெண்டு தந்தியும் ஒரே அளவு ஏறாது, ஒண்ணு கொஞ்சம் கூட போகும் இன்னொண்ணு பின்தங்கும், காதுக்கு அபஸ்வரமாத்தான் கேட்கும். இன்னொண்ணு, நாதம் நிக்காது. மீட்டின உடனே டக்குனு அடங்கிடும், அதனாலதான் வெஸ்டர்ன்ல ஒரே ஸ்வரத்தை வேகவேகமா மேலும் கீழும் மீட்டி நீட்டுவாங்க, அதை ட்ரெமலோம்பாங்க. தோடி ராகத்துல அசைச்சு வாசிக்க வேண்டிய காந்தாரத்தை ட்ரெமலோல வாசிச்சுப் பாருங்க, நான் என்ன சொல்றேன்னு புரிஞ்சிடும்.

இதை உலகத்துக்கே தீர்த்துக் காட்டினவர் யு. ஸ்ரீநிவாஸ். 1969ல ஆந்திராவுல பாலகொல்லுல பிறந்தவர், அப்பா சத்யநாராயணா வச்சிருந்த மாண்டலினை சின்ன வயசுலயே எடுத்து வாசிக்க ஆரம்பிச்சவர். ஜோடித் தந்தியை விட்டுட்டு ஒத்தைத் தந்தி, மரத்தோட கூடு அதிர்ந்து சத்தம் வர்றதுக்குப் பதிலா எலெக்ட்ரிக் பிக்கப் (தந்தியோட அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பற காந்தச் சாதனம்), தந்தி அஞ்சு. ஒத்தைத் தந்திங்கறதால இழுக்கலாம், சறுக்கலாம், பிக்கப் இருக்கறதால லேசா மீட்டினாலும் நாதம் நீண்டு நிக்கும். இன்னிக்குக் கர்நாடக மாண்டலின்னு நாம சொல்ற வாத்தியமே அவர் கையில உருவான உருவம்தான். 2014ல நாப்பத்தஞ்சு வயசுலயே போயிட்டார், இதை எழுதும்போது கூட மனசு கனக்குது.

அப்போ நான் வாங்க வேண்டியது நாலு தந்தியா அஞ்சு தந்தியா?

எலெக்ட்ரிக், ஒத்தைத் தந்தி, இது ரெண்டும் கட்டாயம். நாலா அஞ்சாங்கறது ரெண்டாவது விஷயம். வர்ணம் வரைக்கும் நாலு தந்தி தாராளமா போதும். ராக ஆலாபனைல மந்திர ஸ்தாயில, அதாவது கீழ் ஸ்தாயில, நிதானமா இறங்கி உலாவணும்னா அஞ்சாவது தந்தி ரொம்ப உதவும். சின்னக் கைன்னா அஞ்சு தந்திக்கு ஃபிங்கர்போர்ட் (விரலால அழுத்தற பலகை) அகலம் கூடும், அதையும் பார்த்துக்கங்க.

அஞ்சு தந்தி ரெடிமேடா கடையில தொங்காது. கிடார் ரிப்பேர் பண்ற, எலெக்ட்ரிக் கிடார் செய்யற கைவினைஞர்கிட்ட சொல்லித்தான் செய்யணும். சொல்லும்போது மூணு விஷயத்தை எழுதியே கொடுத்துடுங்க. ஒண்ணு, நட்டுலேருந்து (தலைப்பக்கம் தந்தி உக்கார்ற பள்ளம் வெட்டின கட்டை) குதிரை வரைக்கும் (மேல்பலகை மேல தந்தியைத் தாங்கற கட்டை) தந்தியோட நீளம், சாதாரண மாண்டலின்ல இது கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர். ரெண்டு, பிக்கப். ஆறு தந்தி கிடார் பிக்கப்பை அப்படியே வச்சா அதோட காந்தப் புள்ளிங்க ஆறு, உங்க தந்தி அஞ்சு, நேருக்கு நேர் வராது, ஒரு தந்தி சத்தமாவும் பக்கத்துத் தந்தி அமுங்கியும் கேட்கும். புள்ளி புள்ளியா இல்லாம ஒரே பட்டையா இருக்கிற பிக்கப் போட்டா இந்தத் தொல்லை இல்லை. மூணு, உங்க குரு எந்தக் கட்டைக்கு (ஆதார சுருதியோட அளவு) எப்படி சுருதி சேர்க்கிறாருங்கறது. இதைக் கடைசியா சொல்லாதீங்க, தந்தியோட கனமும் நட்டுல வெட்டற பள்ளமும் இதை வச்சுத்தான் முடிவாகும்.

வீட்ல தாத்தாவோட எட்டு தந்தி மாண்டலின் இருக்கு. அதையே மாத்திக்கலாமா?

மாத்தலாம், ஆனா நாலு தந்தியைக் கழட்டிட்டா போதும்னு நினைக்காதீங்க. ஜோடிக்குன்னு வெட்டின பள்ளத்துல ஒண்ணை மட்டும் விட்டா தந்திங்களுக்கு நடுவுல இடைவெளி ஏறுக்குமாறா இருக்கும், ஓரத் தந்தி ஃபிங்கர்போர்ட் விளிம்புல நின்னு இழுக்கும்போது கீழ நழுவும். புது நட்டு, குதிரைல புதுப் பள்ளம், ரெண்டும் வேணும். அப்புறம் காந்த பிக்கப் வைக்கறதா இருந்தா வெண்கலம் சுத்தின அக்கௌஸ்டிக் (பிக்கப் இல்லாத சாதாரண வாத்தியம்) தந்தி போடாதீங்க, காந்தத்துக்கு அது சரியா பதில் சொல்லாது, நிக்கல் சுத்தின எலெக்ட்ரிக் தந்திதான். ஆனா நல்ல பழைய வாத்தியமா இருந்தா அதைக் குடைஞ்சு பிக்கப் வைக்க வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், அதை அப்படியே வச்சுக்கிட்டு வேற ஒண்ணு வாங்குங்க.

நான் வெஸ்டர்னும் சினிமாப் பாட்டும்தான் வாசிக்கப் போறேன். எந்த ஷேப் வாங்கறது?

எட்டு தந்தி அக்கௌஸ்டிக், கண்ணை மூடிக்கிட்டு ஏ ஸ்டைல். கண்ணீர்த் துளி மாதிரி சாதாரண உருவம். எஃப் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு, தோள்பக்கம் சங்கு மாதிரி சுருண்டு அலங்காரமா இருக்கும், அமெரிக்காவுல ப்ளூகிராஸ்ங்கற நாட்டுப்புறப் பாணி வாசிக்கறவங்க கையில பார்த்திருப்பீங்க. கிப்ஸன் கம்பெனி 1922ல, அங்க வேலை பார்த்த லாயிட் லோர் மேற்பார்வையில கொண்டு வந்த எஃப்-5தான் இன்னிக்கு வர்ற எஃப் ஸ்டைலுக்கெல்லாம் முன்மாதிரி, ப்ளூகிராஸ் மேதை பில் மன்றோ 1940கள்லேருந்து வாசிச்சது 1923ல செஞ்ச எஃப்-5. சரித்திரம் பெருசு, ஆனா அந்தச் சுருளைச் செதுக்கறதுக்கு ஆகற கூலிதான் விலையில ஏறுது, சத்தத்துல அதனால பெருசா ஒண்ணும் கூடாது. ஒரே விலைக்கு ஏ ஸ்டைலும் எஃப் ஸ்டைலும் இருந்தா ஏ ஸ்டைல்ல மரமும் வேலைப்பாடும் ஒரு படி மேல இருக்கும்.

மேல்பலகைல இருக்கிற ஓட்டை வட்டமாவோ முட்டை வடிவமாவோ இருந்தா சத்தம் கொஞ்சம் இதமா நீண்டு வரும், வயலின்ல இருக்கிற மாதிரி எஃப் ஓட்டைன்னா வெட்டினாப்ல பளிச்னு வரும். தனியா உக்காந்து மெலடி வாசிக்க முதல் வகை, குரூப்ல தாளத்துக்கு வெட்டி வெட்டி வாசிக்க ரெண்டாவது. பின்பக்கம் குடம் மாதிரி உருண்டையா இருக்கிற இத்தாலி நேப்பிள்ஸ் வகை பார்க்க ஆசையா இருக்கும், மடியில நிக்காம வழுக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு வேண்டாம்.

சாலிட் டாப்னா என்ன, கட்டாயம் வேணுமா?

மேல்பலகை அடுக்கு இல்லாத முழு மரமா இருந்தா சாலிட், ப்ளைவுட் மாதிரி அடுக்கா ஒட்டினதா இருந்தா லாமினேட். ஓட்டையோட விளிம்பை உத்துப் பாருங்க, மேல இருக்கிற மர ரேகை விளிம்புல அப்படியே கீழ இறங்கினா சாலிட், அடுக்கு அடுக்கா தெரிஞ்சா லாமினேட். சாலிட் நல்லா பேசும், வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும். முடிஞ்சா அதையே வாங்குங்க. கைல காசு அவ்ளோதான்னா லாமினேட்ல ஆரம்பிக்கறதுல ஒரு குறையும் இல்லை, நம்ம ஊர் ஈரத்துக்கு அது தாக்குப்பிடிக்கவும் செய்யும். எலெக்ட்ரிக்குக்கு இந்தக் கேள்வியே அவ்வளவு முக்கியமில்லை.

கடைக்குப் போனா எப்படி செக் பண்றது? எனக்கு வாசிக்கவே தெரியாதே.

வாசிக்கத் தெரிய வேண்டாம். ஒரு சின்ன ஸ்கேலும் போன்ல ட்யூனர் ஆப்பும் எடுத்துக்கிட்டுப் போங்க, அவசரப்படாதீங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை, காசு உங்களோடது.

முதல்ல தலைப்பக்கத்துலேருந்து ஒத்தைக் கண்ணால நெக்கைப் பாருங்க, துப்பாக்கி குறி பார்க்கற மாதிரி. கிட்டத்தட்ட நேரா இருக்கணும், நடுவுல மயிரிழை பள்ளம் இருந்தா ஓகே, முறுக்கிக்கிட்டு இருந்தா அந்த வாத்தியத்தை அங்கேயே வச்சுடுங்க, அது எந்த விலைக்கும் வேண்டாம். அடுத்தது 12வது ஃப்ரெட் (ஃபிங்கர்போர்ட்ல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) மேல தந்தி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளங்க. ஒன்றரையிலேருந்து ரெண்டு மில்லிமீட்டர்க்குள்ள இருந்தா நல்லது. மூணு நாலுன்னு இருந்தா அழுத்தவே முடியாது, ஜோடித் தந்தி வேற, விரல் நுனி கொப்புளிச்சு ஒரு வாரத்துல ஆசையே போயிடும். ஆனா குதிரைல உயரம் மாத்தற சின்னச் சக்கரம் இருந்தா அங்கேயே இறக்கித் தரச் சொல்லிக் கேளுங்க.

அப்புறம் மூணாவது ஃப்ரெட்ல தந்தியை அழுத்திக்கிட்டு முதல் ஃப்ரெட் மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. தலைமுடி கனம்தான் இருக்கணும். அதுக்கு மேல இருந்தா நட்டுல பள்ளம் சரியா வெட்டலைன்னு அர்த்தம், மலிவு மாண்டலின்ல பத்துக்கு எட்டு இப்படித்தான் வருது, முதல் ரெண்டு ஃப்ரெட்ல எதை அழுத்தினாலும் சுருதி ஏறிக் கேட்கும். இது ரிப்பேர்காரர் அரை மணி நேரத்துல சரி பண்ற வேலை, அதனால இதுக்காக வாத்தியத்தை ஒதுக்க வேண்டாம், விலை பேச வச்சுக்கங்க.

இப்போ ட்யூனர். தந்தியைச் சும்மா மீட்டி சுருதி சேர்த்துட்டு, அதே தந்தியை 12வது ஃப்ரெட்ல அழுத்தி மீட்டுங்க, சரியா மேல் ஸ்தாயி அதே ஸ்வரம் காட்டணும். ஏறிக் காட்டினா குதிரையைக் கொஞ்சம் பின்னாடி, அதாவது நெக்கை விட்டுத் தள்ளி, நகர்த்தணும், இறங்கிக் காட்டினா முன்னாடி. அக்கௌஸ்டிக் மாண்டலின்ல குதிரை ஒட்டினது இல்லை, தந்தியோட அழுத்தத்துலதான் நிக்குது, அதனால நகர்த்த முடியும். நகர்த்தியும் சரியாகலைன்னா ஃப்ரெட் போட்ட இடமே தப்பு, வேண்டாம்.

கடைசியா ஒவ்வொரு தந்திலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா, ஆமா எல்லா ஃப்ரெட்டும், அழுத்தி மீட்டிப் பாருங்க, எங்கேயாவது ர்ர்ர்னு இரையுதா, எங்கேயாவது சத்தம் செத்துப் போகுதான்னு. ஃப்ரெட்டோட ஓரங்களை விரலால தடவிப் பாருங்க, கீறக் கூடாது. சுருதி சேர்க்கற சாவிங்க எல்லாம் வழுக்கிக்கிட்டு சீரா திரும்பணும். எலெக்ட்ரிக்னா கண்டிப்பா ஆம்ப்ல போட்டுக் கேளுங்க, வால்யூம் திருப்பும்போது கரகரன்னா கண்ட்ரோல்ல அழுக்கு, அது சின்ன விஷயம், ஆனா எல்லாத் தந்தியும் ஒரே அளவு கேட்கணும், அது பெரிய விஷயம்.

ஆன்லைன்ல வாங்கலாமா?

என் முதல் மாண்டலினே ஆன்லைன்ல வாங்கினதுதான். பெட்டியைத் திறந்தா குதிரை தனியா ஒரு கவர்ல கிடந்தது, எங்க வைக்கணும்னு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. நானா ஒரு குத்துமதிப்பா வச்சு மூணு மாசம் வாசிச்சேன், என் காது சரியில்லைன்னே நம்பிட்டிருந்தேன். ஒரு வயலின் வாத்தியார் பார்த்துட்டு குதிரையை ஒரு விரக்கடை நகர்த்தினார், அவ்வளவுதான், வாத்தியம் சுருதில நின்னுடுச்சு. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அதனால ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு முன்னாடியே பாருங்க, வந்த அன்னிக்கே மேல சொன்ன சோதனை எல்லாம் பண்ணுங்க, பண்ணத் தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க, பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. தேடும்போது மாண்டலின்னு மட்டும் அடிச்சா காய்கறி சீவற கட்டையும் வந்து நிக்கும், அதுக்கும் அதே பேர்தான், வாத்தியம்னு சேர்த்துப் போட்டுத் தேடுங்க.

எந்த பிராண்ட்? எவ்வளவு ஆகும்?

விலை மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால தொகை எழுதலை, ஒரு கணக்கு மட்டும் சொல்றேன். கையில இருக்கற காசை நாலா பிரிச்சு மூணு பங்கை வாத்தியத்துக்கும் ஒரு பங்கை செட்டப் (தந்தி உயரம், நட்டு, குதிரை எல்லாத்தையும் சரி பண்றது), உறை, கூடுதல் தந்தி, பிக் (மீட்டற சின்னத் தகடு) இதுக்கும் ஒதுக்குங்க. மொத்தத்தையும் வாத்தியத்துல போட்டுட்டு செட்டப்புக்குக் காசில்லாம நிக்கறதை விட, ஒரு படி கீழ வாங்கி நல்லா செட்டப் பண்ணினது எப்பவுமே நல்லா பேசும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

பேர்ல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருது. கிப்ஸன் அமெரிக்கக் கம்பெனி, கிவ்ஸன் நம்ம கல்கத்தா கம்பெனி, ரெண்டும் வேற. கிவ்ஸன் விலை குறைவு, ஊர்ல ஈஸியா கிடைக்கும், ஆனா பீஸுக்கு பீஸ் வித்தியாசம் இருக்கும், அதனால நேர்ல பொறுக்கி எடுக்கணும், செட்டப்பும் பண்ணிக்கணும். ஐபனேஸோட எம்510 ஆரம்பத்துக்கு ஒழுங்கான ஏ ஸ்டைல். இன்னும் கொஞ்சம் போடலாம்னா கென்டக்கி, ஈஸ்ட்மேன். ஈஸ்ட்மேன் எம்டி305 எல்லாம் செதுக்கின சாலிட் மரம், ஒரு தடவை வாங்கினா பத்து வருஷத்துக்கு வேற தேட வேண்டாம். வெளிநாட்டுலேருந்து வரவழைச்சா கூரியர் செலவும் கஸ்டம்ஸ் வரியும் சேரும், அதைக் கூட்டிட்டு அப்புறம் விலையைப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

நல்ல வழி. நெக் முறுக்கலையா, மேல்பலகை குதிரைக்குக் கீழ அமுங்கலையா, ஃப்ரெட்ல தந்தி தேஞ்சு பள்ளம் விழலையா, இந்த மூணும் பாருங்க. கீறல் எல்லாம் கணக்கே இல்லை.

சுருதி எப்படி சேர்க்கறது? வயலின் மாதிரியேவா?

வெஸ்டர்ன்ல அச்சு அசல் வயலின்தான், கனமான தந்திலேருந்து ஜி, டி, ஏ, ஈ. அதனால வயலின் தெரிஞ்சவங்களுக்கு இடது கை பாதி தெரிஞ்ச மாதிரி. கர்நாடகத்துல நாலு தந்தின்னா வயலின் போலவே ச ப ச ப. எந்தக் கட்டைங்கறதுதான் கேள்வி. ஒரு கட்டைன்னா சி, ரெண்டுன்னா டி, அஞ்சுன்னா ஜி. அக்கௌஸ்டிக்ல சாதாரணமா .011, .015, .026, .040 (அங்குலத்துல கனம்) தந்தி செட் வரும், அது ஜி டி ஏ ஈக்குன்னு கணக்குப் பண்ணினது. அதே தந்தியை அரைக் கட்டை இறக்கினாலே இழுவிசை பத்துல ஒரு பங்குக்கு மேல குறையும், ரெண்டு மூணு கட்டை இறக்கினா தந்தி தொளதொளன்னு தொங்கி இரையும், ஏத்தினா அறுந்து முகத்துல அடிக்கும். அதனால கட்டை மாறினா தந்தியோட கனத்தையும் மாத்துங்க. தந்தியோட முனை பந்தா வளையமான்னும் உங்க வாத்தியத்துல பார்த்து வாங்குங்க, முனையை மாட்டற டெயில்பீஸ் மாண்டலின்ல பெரும்பாலும் வளைய முனைக்குத்தான்.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. இப்பவே வாங்கலாமா?

தாராளமா. நெக் சின்னது, ஃப்ரெட்டுங்க கிட்டக் கிட்ட இருக்கு, குழந்தை விரலுக்கு எட்டும். எட்டு தந்தி மட்டும் வேண்டாம், ஜோடியை அழுத்தி அழுத்தி வலிக்கும். ஒத்தைத் தந்தி, மெல்லிசு, 12வது ஃப்ரெட்ல ஒன்றரை மில்லிமீட்டர். கிடாரா யுகலேலேவான்னு யோசிக்கறவங்க, பிள்ளை பாட்டு கத்துக்கிட்டிருந்தா மாண்டலினே எடுங்க, பாடற ஸ்வரத்தை அப்படியே கையில கொண்டு வரலாம்.

எங்க ஊர்ல மாண்டலின் வாத்தியாரே இல்லையே?

இது வாங்காம இருக்கறதுக்குக் காரணமே இல்லை. ஸ்ரீநிவாஸோட குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரோட சிஷ்யர், அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாத்தியத்துல வாசிப்பான். அப்படித்தான் அந்தப் பாடம் நடந்தது. பக்கத்துல நல்ல வாய்ப்பாட்டு டீச்சர் இருந்தா போய்ச் சேருங்க, வீணை வயலின் டீச்சர்னாலும் சரி. கையை எப்படி வைக்கறது, பிக் எப்படிப் பிடிக்கறதுன்னு மட்டும் மாண்டலின் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட சில வகுப்பு ஆன்லைன்ல கேட்டுக்கங்க. கேட்க நிறைய இருக்கு, ஸ்ரீநிவாஸ், அவர் தம்பி யு. ராஜேஷ், யு.பி. ராஜு நாகமணி ஜோடி, தினம் ஒரு மணி நேரம் கேளுங்க.

ஆம்ப் என்ன வாங்கறது?

வீட்டுக்குச் சின்ன ப்ராக்டிஸ் ஆம்ப் போதும். டிஸ்டார்ஷன் எஃபெக்ட் எல்லாம் வேண்டாம், சுத்தமான சத்தம், ட்ரெபிள் கொஞ்சம் குறைச்சு, துளி ரிவெர்ப் (எதிரொலி). ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தா அபார்ட்மென்ட்காரங்களுக்குப் புண்ணியம்.

சென்னை மாதிரி கடலோர ஊர்ல எப்படிப் பாதுகாக்கறது?

உப்புக் காத்துல தந்தி ஒரே மாசத்துல துரு பிடிக்கும், வாசிச்சு முடிச்ச உடனே காட்டன் துணியால தந்தியோட அடிப்பக்கமும் சேர்த்துத் துடைங்க. ராத்திரி முழுக்க ஏசி, பகல்ல புழுக்கம்னு மாறி மாறி இருக்கற ரூம்ல வெளியில தொங்க விடாதீங்க, மரம் ஊதியும் சுருங்கியும் ஃப்ரெட் ஓரம் வெளிய நீட்டும். உறைக்குள்ள வைங்க. வெயில்ல நிக்கற கார்ல வைக்கவே கூடாது, பசை இளகி குதிரை நிக்கற இடமே வளைஞ்சிடும்.

தந்தி நானே மாத்தலாமா?

மாத்தலாம், மாத்தியே பழகுங்க. அக்கௌஸ்டிக்ல மட்டும் எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, குதிரை விழுந்துடும், பழைய இடம் போயிடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குதிரையோட காலைச் சுத்தி மெல்லிசா மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கங்க, ஒரு தந்தியைக் கழட்டினா அதைப் போட்டு கொஞ்சம் இறுக்கிட்டு அப்புறம் அடுத்தது. எல்லாம் போட்டதும் 12வது ஃப்ரெட்ல ட்யூனர் வச்சு இன்னொரு தடவை சரி பாருங்க, புதுத் தந்தி ரெண்டு நாளைக்கு இறங்கிக்கிட்டே இருக்கும், அது தந்தி குத்தம் இல்லை, இழுத்து இழுத்து ஏத்துங்க, நின்னுடும்.